ஊழியர் செய்த குற்றத்துக்குக் கம்பெனி எப்போது எதிரியாகும்? (விவாத இழை)

கேட்டுப்பார்ப்போம்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி சப்ளை செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. நிலுவையில் கிடக்கும் பில் பாஸ் ஆக, மண்டல விற்பனை மேலாளர் ஓர் அதிகாரிக்கு 80,000 ரூபாய் கொடுக்கிறார். எம்.டி.க்குத் தெரியாது. பிடிபட்டால் வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், யார் யார்? "கம்பெனியைப் பிடித்து ஜெயிலில் போட முடியாது, வழக்கே நிற்காது" என்று ஒரு கட்சி. "எம்.டி.தான் முதல் எதிரி" என்று இன்னொரு கட்சி. எது சரி? பிரிவு எண்ணோடு சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு

இரண்டுமே தப்பு. முதல் வாதத்துக்கு 2005-லேயே கருமாதி ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் கொஞ்ச காலம் அந்த வாதம் ஓடியது உண்மை. 2003-ல் வேலியப்பா டெக்ஸ்டைல்ஸ் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2:1 என்ற கணக்கில், சிறைத்தண்டனை கட்டாயம் என்று எழுதப்பட்ட குற்றத்துக்குக் கம்பெனி மேல் வழக்கு நடத்த முடியாது என்றது. 2005-ல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 3:2-ல் அதைக் கவிழ்த்தது. சிறையும் அபராதமும் சேர்ந்த தண்டனை என்றால், கம்பெனிக்கு அபராதத்தை மட்டும் விதிக்கலாம் என்பது தீர்ப்பு. 2003-ல் பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவே 2005-ல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அந்தக் கேள்வி எவ்வளவு இழுபறியாக இருந்தது என்பதற்கு இதுவே போதும்.

அந்த வழக்கில் இருந்த அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரிவு 56-ஐ எடுத்துப் படியுங்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மீறல் என்றால் குறைந்தது 6 மாதம் சிறை, கூடவே அபராதம். அதற்குக் கீழே என்றால் சிறை *அல்லது* அபராதம். பழைய வாதத்தை ஒப்புக்கொண்டால், 90,000 ரூபாய்க்குத் தப்பு செய்த கம்பெனி மாட்டும், 90 கோடிக்குச் செய்த கம்பெனி கையை வீசிக்கொண்டு போகும். பெரும்பான்மை நீதிபதிகள் இதை ஏற்கவில்லை.

தராசுமுள்

மேலே சொன்னது தண்டனை பற்றி. மேலாளர் மனதில் இருந்த கெட்ட எண்ணம் எப்படிக் கம்பெனியின் எண்ணமாகிறது என்பது வேறு கேள்வி. அதற்கு முதலில் எந்தச் சட்டம் என்று பார்க்கணும். எல்லாச் சட்டத்துக்கும் ஒரே விதி இங்கே இல்லை. முக்கால்வாசிக் குழப்பம் இதில்தான்.

"கம்பெனிகள் செய்யும் குற்றங்கள்" என்று தனிப் பிரிவு உள்ள சட்டங்கள் ஒரு ரகம். செக் பவுன்ஸுக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 141, வருமான வரிக்கு 1961 சட்டத்தின் 278பி, பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 70. இவற்றில் குற்றம் நடந்த நேரத்தில் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் கம்பெனியோடு எதிரியாகிறார். தனக்குத் தெரியாது, தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில்.

அப்படித் தனிப் பிரிவு இல்லாதது இன்னொரு ரகம். முக்கியமாகத் தண்டனைச் சட்டம், அதாவது பழைய ஐபிசி, 2024 ஜூலை 1 முதல் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா). ஏமாற்று, சதி இதெல்லாம் இதில் வரும். இங்கே கம்பெனியின் மூளையாகவும் மனமாகவும் இருப்பவர், கம்பெனியை ஆட்டிவைக்கும் அளவுக்கு அதிகாரம் உள்ளவர், அவருடைய எண்ணம்தான் கம்பெனியின் எண்ணம். இரிடியம் இந்தியா என்ற கம்பெனி, மோட்டரோலா கம்பெனி மேல் போட்ட ஏமாற்று வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. குற்ற மனம் தேவைப்படும் குற்றத்துக்கும் கம்பெனி எதிரியாகலாம் என்பதில் அதன்பிறகு சந்தேகம் இல்லை.

இந்த இரண்டாம் ரகத்தில் ஒரு பெரிய ஓட்டை. குடோன் கிளார்க், டெலிவரி சூப்பர்வைசர் மாதிரிக் கீழ்மட்டத்தில் நடந்த தப்பை மூளை, மனம் என்று காட்டிக் கம்பெனிக்கு ஏற்றுவது கஷ்டம். கம்பெனி பெரிசாகப் பெரிசாக, முடிவு பல மேசைக்குப் பிரிந்துபோவதால் தப்பிப்பதும் சுலபமாகிறது. சின்னக் கம்பெனியில் எம்.டி.யே எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார், அதனால் உடனே மாட்டுவார். இது நியாயமில்லை என்பது என் கட்சி.

கேட்டுப்பார்ப்போம்

அப்போ லஞ்சம் எந்த ரகம்?

நிறுவனச்செயலர்

மூன்றாவது ரகம். ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு 2018-ல் வந்த திருத்தம், ஜூலை 26 முதல் அமல்.

உங்கள் மேலாளர் பிரிவு 8-ல் வருவார், 7 வருஷம் வரை சிறை. கம்பெனிக்குப் பிரிவு 9: "வணிக அமைப்போடு தொடர்புடைய நபர்" தொழிலையோ தொழிலில் ஓர் ஆதாயத்தையோ பெற, தக்கவைக்க லஞ்சம் கொடுத்தால் அமைப்பே குற்றவாளி, அபராதம். இங்கே மூளை, மனம் பார்க்கத் தேவையில்லை. ஊழியர் என்றாலே தொடர்புடைய நபர் என்று சட்டம் ஊகிக்கும். இல்லை என்று கம்பெனிதான் நிரூபிக்கணும். சம்பளப் பட்டியலில் இல்லாத ஏஜென்ட், லயசன் கன்சல்டன்ட், டிஸ்ட்ரிபியூட்டர் கூட உங்களுக்காக வேலை செய்தால் இதில் வரலாம். பார்ட்னர்ஷிப்பும் தப்பாது. மேலாளர் மேல் தனியாக வழக்கே போடாவிட்டாலும் கம்பெனி மேல் போடலாம் என்று 9(2) சொல்கிறது.

எம்.டி.க்குப் பிரிவு 10. அவருடைய சம்மதத்தோடு அல்லது கண்டும் காணாமல் விட்டதோடு நடந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபணமானால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. எம்.டி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் போதாது.

மதுரைவீரன்77

சார், எம்.டி. எல்லாவற்றுக்கும் பொறுப்புதானே? கம்பெனி எதிரின்னா அவர் தானாவே எதிரி இல்லையா?

வழக்குக்கட்டு

இல்லை. 2ஜி சார்ந்த வழக்கில் இது அடிபட்டது. சிபிஐ குற்றப்பத்திரிகையில் பெயர் இல்லாத ஏர்டெல் தலைவர் சுனில் பார்தி மிட்டலுக்கு, கம்பெனியின் மறு உருவம் அவர் என்று காரணம் காட்டி 2013-ல் சிறப்பு நீதிமன்றம் சம்மன் அனுப்பியது. 2015 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேலே இருப்பவரின் எண்ணத்தைக் கம்பெனிக்கு ஏற்றலாம். கம்பெனியின் குற்றத்தைத் தலைகீழாக எடுத்துத் தலைவர் மேல் சுமத்த முடியாது. அவர் நேரடியாகப் பங்கெடுத்தார், குற்ற எண்ணமும் இருந்தது என்று சாட்சியம் வேண்டும். அல்லது தராசுமுள் சொன்ன மாதிரித் தனிப் பிரிவு சட்டத்தில் இருக்கணும்.

மதுரைவீரன்77

அப்போ லஞ்ச வழக்குல கம்பெனிக்கு அபராதம் மட்டும்தானா? கட்டிட்டுப் போயிடுவாங்க. இதுக்கா இவ்வளவு பயம்?

நிறுவனச்செயலர்

அபராதத்துக்கு யாரும் பயப்படுவதில்லை, சரிதான். பயம் அடுத்த டெண்டருக்கு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 151: ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற ஏலதாரர் தடைப் பட்டியலுக்குப் போவார், 3 வருஷம் வரை. அரசு மருத்துவமனை ஆர்டரை நம்பி இருக்கும் கம்பெனிக்கு இது ஷட்டரை இறக்குவதற்குச் சமம். டெண்டர் படிவத்தில் தண்டனை, நிலுவை வழக்கு பற்றிய உறுதிமொழியில் "இல்லை" என்று பொய்யாக டிக் அடித்தால் அது தனிக் குற்றமாகப் போய் நிற்கும்.

ஆனாலும் உயிர்ச்சேத வழக்குகளில் உங்கள் ஆதங்கம் நியாயம். போபாலில் 1984 டிசம்பர் 2–3 இரவு விஷவாயுக் கசிவு. 1996-ல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டை ஐபிசி 304-2-லிருந்து (கொலையாகாத மரணம்) கவனக்குறைவால் மரணம் விளைவித்த 304ஏ-க்கு இறக்கியது. அதற்கு உச்சபட்சமே 2 வருஷம். 2010 ஜூன் 7-ல் உயிரோடிருந்த 7 இந்திய அதிகாரிகளுக்கு 2 வருஷம் சிறை, இந்தியக் கம்பெனிக்குச் சுமார் 5 லட்சம் ரூபாய் அபராதம். அத்தனை ஆயிரம் உயிருக்கு!

கணக்குப்பிள்ளை

சட்டப் பிரிவை விட்டு வவுச்சருக்கு வருவோம். எம்.டி.க்குத் தெரியாது என்ற கதை உடைவது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான்.

80,000 ரூபாய் ஒரே வவுச்சராக வராது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவு கழியாது என்பது கணக்கர்களுக்கு மனப்பாடம். அதனால் 9,500, 9,800, 9,700 என்று எட்டொன்பது வவுச்சர், ஒரே கையெழுத்து, அடுத்தடுத்த தேதி, "லோடிங் கூலி", "சில்லறைச் செலவு" என்று தலைப்பு. லாரியே வராத நாளில் லோடிங் கூலி இருக்கும். கேட் ரெஜிஸ்டரோடு பொருத்தினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு வழி கன்சல்டன்ட் பில். "தொழில்முறைச் சேவைக் கட்டணம்" என்று ஒரே வரி, 18% ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் சுத்தம். பின்னால் ரிப்போர்ட், மெயில், சந்திப்புக் குறிப்பு எதுவும் இருக்காது. பில் தேதி பேமென்ட் ரிலீஸ் ஆன வாரத்தை ஒட்டியே இருக்கும்.

இந்த வவுச்சரை அங்கீகரித்தது யார் என்பதில்தான் பிரிவு 10 தொங்குகிறது. ஈஆர்பி என்ற கம்பெனிக் கணக்கு மென்பொருளில் எம்.டி. லாகினில் மொத்தமாக 140 வவுச்சருக்கு ஒரே கிளிக்கில் அப்ரூவல் போயிருக்கும், கிளிக் செய்தது அவர் பி.ஏ.வாக இருக்கும். பாஸ்வேர்டைப் பகிர்ந்ததன் விலை அன்றைக்குத் தெரியும்.

கேட்டுப்பார்ப்போம்

கொள்கைக் கையேடு, ஊழியரிடம் கையெழுத்து வாங்கிய உறுதிமொழி, இதெல்லாம் காப்பாற்றுமா?

நிறுவனச்செயலர்

பிரிவு 9-லேயே அந்த வாசல் இருக்கிறது. தொடர்புடைய நபர்கள் இப்படிச் செய்யாமல் தடுக்கப் "போதுமான நடைமுறைகள்" இருந்தன என்று கம்பெனி நிரூபித்தால் விடுதலை. நடைமுறைகள் மத்திய அரசு வகுக்கும் வழிகாட்டுதல்படி இருக்கணும் என்று சட்டம் சொன்னது. வழிகாட்டுதல் சட்டத்தோடு வரவில்லை. அதனால் பெரிய கம்பெனிகள் பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்துக்கு அங்குள்ள நீதி அமைச்சகம் 2011-ல் வெளியிட்ட ஆறு கோட்பாடுகளையும், லஞ்சத் தடுப்புக்கான ஐஎஸ்ஓ 37001 தரத்தையும் அளவுகோலாக வைத்துக்கொண்டன.

தராசுமுள்

கையேடு இருந்தது என்பது நடைமுறை இருந்தது என்பதற்கு ஆதாரமாகாது. குறுக்கு விசாரணையில் வரும் கேள்விகளை யோசியுங்கள். கையேடு ஆங்கிலத்தில், பயிற்சி எடுத்த சேல்ஸ்மேனுக்குத் தமிழ்தான் தெரியும் என்றால்? கடைசிப் பயிற்சி மூன்று வருஷம் முன்னால், மேலாளர் சேர்ந்தது போன வருஷம் என்றால்? புகார் எண்ணுக்கு இதுவரை ஒரு புகாரும் வரவில்லை என்றால் அது பெருமை இல்லை, எண் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். பில் பாஸ் ஆகும் நாளுக்கு இன்சென்டிவ் வைத்திருந்தால் இன்னும் மோசம். 60 நாளுக்குள் பணம் வந்தால் போனஸ் என்று சர்க்குலர் போட்டுவிட்டு, லஞ்சம் கூடாது என்று கையேடு போட்டால் நீதிபதி எதை நம்புவார்?

வழக்குக்கட்டு

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதிகாரி மிரட்டி வாங்கினார் என்றால், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்குப் பிரிவு 8 விலக்கு தருகிறது. ஆனால் 7 நாளுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ சொல்லியிருக்கணும். இந்த விலக்கு பிரிவு 9-ல் தனியாக எழுதப்படவில்லை. 9(2) பிரிவு 8-ன் குற்றத்தையே ஆதாரமாகக் கொள்வதால், மேலாளர் மேல் அந்தக் குற்றமே இல்லையென்றால் கம்பெனிக்கும் இல்லை என்று வாதாட இடமுண்டு. இதற்கெல்லாம் ஏழு நாளுக்குள் தலைமை அலுவலகத்துக்குச் சேதி வரணும். மேலாளர் மறைக்கிறார் என்பதுதானே பிரச்சினையே. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவியாகக் கொடுத்தால் அது குற்றமே இல்லை.

கேட்டுப்பார்ப்போம்

சரி, கம்பெனிக்கு சம்மன் வந்துவிட்டது. அடுத்து என்ன?

வழக்குக்கட்டு

சம்மன் டைரக்டர், மேலாளர், செயலர் அல்லது வேறு அதிகாரியிடம் கொடுக்கப்படலாம், பதிவுத் தபாலிலும் வரலாம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், பிரிவு 65). தபாலில் வந்தால், வழக்கமாகத் தபால் வந்து சேரும் நேரத்தில் கைக்குக் கிடைத்ததாகவே கருதப்படும். ரிசப்ஷனில் வாங்காமல் திருப்பி அனுப்புவது புத்திசாலித்தனம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கவும்.

அடுத்து பிஎன்எஸ்எஸ் 342, பழைய நடைமுறைச் சட்டத்தில் 305. கம்பெனி தன் சார்பில் ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். கம்பெனி முத்திரை தேவையில்லை. எம்.டி.யோ நிர்வாகப் பொறுப்பில் உள்ளவரோ கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால், அவர் பிரதிநிதிதான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் போர்டு தீர்மான நகல் ஒன்றை இணைத்துவிடுங்கள், எதிர்த்தரப்பு கிளப்பும் ஆட்சேபணை அங்கேயே அடங்கும். பிரதிநிதி வராவிட்டால் வழக்கு நிற்காது, கம்பெனி இல்லாமலே நடக்கும். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பைக் கம்பெனிதான் இழக்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு. இரண்டாம் எதிரியான டைரக்டரையே பிரதிநிதியாக அனுப்புவது ஒன்று. கூண்டில் அவர் தனக்காகப் பேசுகிறாரா, கம்பெனிக்காகவா? "எனக்குத் தெரியாது" என்றால் கம்பெனிக்கும் தெரியாது என்று பதிவாகுமா? வழக்கில் இல்லாத, ஆனால் கோப்பு தெரிந்த ஆளை அனுப்புங்கள். மற்றது, கம்பெனி, டைரக்டர், மேலாளர் மூவருக்கும் ஒரே வக்காலத்து. கம்பெனியின் நல்ல வாதம் "மேலாளர் விதியை மீறினார்". மேலாளரின் நல்ல வாதம் "மேலிடம் சொல்லித்தான் செய்தேன்". ஒரே வக்கீல் இரண்டையும் எப்படிச் சொல்வார்?

அபராதத்தைக் கட்டாவிட்டால் கம்பெனியை உள்ளே வைக்க முடியாது. சொத்து ஜப்தி, அல்லது கலெக்டர் மூலம் நில வரி பாக்கி மாதிரி வசூல்.

தென்காசித்தமிழன்

செக் பவுன்ஸ் பற்றி ஒரு கேள்வி. டைரக்டர் மேல் மட்டும் கேஸ் போட்டால் போதாதா?

வழக்குக்கட்டு

போதாது. 2012 அனீதா ஹாடா தீர்ப்பு: கம்பெனி எதிரியாக இல்லாமல் பிரிவு 141-ல் டைரக்டர் மேல் வழக்கு நிற்காது. நோட்டீஸும் கம்பெனி பெயரில் போயிருக்கணும். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். இந்தக் காலம் போனபிறகு கம்பெனியைச் சேர்ப்பது தலைவலி. கையெழுத்துப் போடாத டைரக்டர் என்றால், தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தார் என்று புகாரில் குறிப்பாக எழுதணும் (2005 எஸ்எம்எஸ் பார்மசூட்டிகல்ஸ்). கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்சிஏ) தளத்தில் டைரக்டர் பட்டியலை இறக்கி எல்லாரையும் சேர்ப்பவர்கள், அதில் ஒருவர் செக் தேதிக்கு முன்பே ராஜினாமா செய்து, அதைப் பதியும் டிஐஆர்-12 படிவம் ஏறியிருப்பதைக் கவனிப்பதில்லை.

உணவுக்கூடம்

உணவுத் துறைக்கு வேறு ஏற்பாடு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 66-ல், பல கிளை உள்ள கம்பெனி ஒவ்வொரு யூனிட்டுக்கும் பொறுப்பாளரை நியமிக்கலாம், படிவம் 9. நியமித்தால் அந்த யூனிட் தப்புக்கு அவர் பதில் சொல்வார். நியமனம் கம்பெனியைக் கழற்றிவிடாது. பழைய கலப்படத் தடைச் சட்ட வழக்கு ஒன்றில் 2020-ல் உச்ச நீதிமன்றம், கம்பெனி இல்லாமல் நியமிக்கப்பட்டவரையோ அவர் இல்லாமல் கம்பெனியையோ தண்டிக்க முடியாது என்றது. ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் மகா மட்டமானது. நிறுத்தும் அதிகாரம் இல்லாதவரை, ஒரு பேட்ச் மாவைத் திருப்பி அனுப்பக்கூட முடியாதவரைப் பொறுப்பாளர் ஆக்கினால் நீதிமன்றத்தில் அது எடுபடாது.

ஏற்றுமதிக்காரன்

வெளிநாட்டு வாங்குநர்களின் ஒப்பந்தத்தில் ஏன் திடீரென்று "மோசடித் தடுப்பு" பக்கம் பக்கமாக வருகிறது?

தராசுமுள்

பிரிட்டனின் 2023 பொருளாதாரக் குற்றச் சட்டம். மோசடியைத் தடுக்கத் தவறிய குற்றம் 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அமலில் இருக்கிறது. 250-க்கு மேல் ஊழியர், 3.6 கோடி பவுண்டுக்கு மேல் விற்பனை, 1.8 கோடி பவுண்டுக்கு மேல் சொத்து, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பெரிய நிறுவனம். அதன் சார்பில் சேவை செய்பவர் அதற்கு ஆதாயமாக மோசடி செய்தால் நிறுவனம் மாட்டும். அதனால் சுமையை ஒப்பந்தம் வழியாகக் கீழே தள்ளுகிறார்கள். வெறுமனே சரக்கு விற்பவர் எல்லாரும் இதில் வரமாட்டார். அவர்கள் சார்பில் தரச் சோதனை, சான்றிதழ், ஏஜென்சி வேலை செய்கிறீர்களா என்று பாருங்கள்.

அமெரிக்கா 1909-லேயே நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே வழக்கில் முடிவு கட்டிவிட்டது. ஊழியர் வேலை வரம்புக்குள், கம்பெனிக்கு ஆதாயம் தரும் நோக்கில் செய்தால் கம்பெனி பொறுப்பு. செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாலும் பல சமயம் தப்ப முடியாது. நம் ஊர் விதியோடு இதைக் குழப்பி எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

கேட்டுப்பார்ப்போம்

கடைசிக் கேள்வி. விஷயம் தெரிந்த அன்றே மேலாளரை டிஸ்மிஸ் செய்துவிட்டால்?

கணக்குப்பிள்ளை

அவசரப்பட வேண்டாம். அன்று மாலையே அவர் லேப்டாப்பை வாங்கி, ஃபார்மேட் அடித்து, புது ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஐடி ஆட்களுக்கு அது கைப்பழக்கம். கம்பெனியைக் காப்பாற்றக்கூடிய மெயில் அதில்தான் இருந்திருக்கும். வெளியே பார்த்தால் ஆதாரத்தை அழித்த மாதிரியே தெரியும்.

வழக்குக்கட்டு

ஆமாம். முதலில் மெயில் தானாக அழியும் அமைப்பை நிறுத்துங்கள். லேப்டாப்பை அணைத்து, சீல் வைத்து, தடயவியல் ஆளைக் கொண்டு முழு நகல் எடுத்து ஹாஷ் மதிப்பை (நகல் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை) குறித்து வையுங்கள். சாட்சியச் சட்டம் (பிஎஸ்ஏ) பிரிவு 63-ன் சான்றிதழில் சாதனத்தைக் கையாண்டவர் ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி நிரப்பணும், ஹாஷ் கேட்கப்படும். வாட்ஸ்அப் அவர் சொந்தப் போனில் இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்காமல் தொடாதீர்கள்.

விசாரணையை வெளி வக்கீல் வழியாக நடத்துங்கள். சம்பளத்தில் இருக்கும் சட்ட அலுவலருக்கு வக்கீலுக்குரிய முழு இரகசியப் பாதுகாப்பு கிடையாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் எம்.டி.க்கு அனுப்பும் "உள் குறிப்பு" மெயில் நாளை கோர்ட்டில் வாசிக்கப்படலாம் என்று நினைத்தே எழுதச் சொல்லுங்கள்.

மேலாளரை சஸ்பெண்ட் செய்யலாம். வாக்குமூலம் வாங்கும்போது வேலை போகாது என்று ஆசை காட்டவும் வேண்டாம், போலீஸில் கொடுப்போம் என்று மிரட்டவும் வேண்டாம்; அப்படி வாங்கியதை அவர் வக்கீல் ஐந்து நிமிஷத்தில் உடைத்துவிடுவார்.

கேட்டுப்பார்ப்போம்

அந்த 80,000 கம்பெனிக்காகக் கொடுக்கவே இல்லை, கொடுத்ததாகக் கணக்கு எழுதி மேலாளரே விழுங்கிவிட்டார் என்றால்?

கணக்குப்பிள்ளை

அப்போது கம்பெனி எதிரி இல்லை, புகார்தாரர். ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி, பிஎன்எஸ் 316(4), 7 வருஷம் வரை. ஆடிட்டர் கண்டுபிடித்தால் இரண்டு நாளுக்குள் போர்டுக்கோ தணிக்கைக் குழுவுக்கோ சொல்லணும். தொகை ஒரு கோடியைத் தொட்டால் போர்டு பதில் தர 45 நாள், அதன்பிறகு ஏடிடி-4 படிவத்தில் மத்திய அரசுக்கு. ஆனால் எது நடந்தது என்று தெரிய, மறுபடி அந்த லோடிங் கூலி வவுச்சருக்கும் கேட் ரெஜிஸ்டருக்கும்தான் போகணும். பில் எந்தத் தேதியில் பாஸ் ஆனது என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.